பரணை இறக்கிய கதை: பிக்கப் டிரக்கை அன்றாட ஓட்டத்துக்குத் தாழ்த்தும் முறை

அம்மா டெக்சாஸுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் வண்டிக்குப் பெயர் வைத்துவிட்டார்: பரண். "காய்கறி வாங்கப் போவதற்குக்கூடப் பரணில் ஏற வேண்டியிருக்கிறதே" என்பார். வண்டி 2015ஆம் ஆண்டு ஷெவ்ரலே சில்வராடோ 1500. நான்கு கதவு, பின்சக்கர இயக்கம். கதவுத் தூணில் உள்ள கைப்பிடியை வலது கையால் பற்றி, இடது கையை என் தோளில் ஊன்றி, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, முழங்காலை இருக்கையின் விளிம்பில் வைத்து ஏறுவார். பக்கவாட்டில் படி பொருத்திப் பார்த்தேன். ஏறுவதற்கு உதவியது. இறங்கும்போது சேலைக் கொசுவம் படியின் முனையில் மாட்டிக்கொண்டது.

கடைசியில் வண்டியையே இறக்கினேன். முன்னால் இரண்டு அங்குலம், பின்னால் மூன்று. சுண்டுவிரல் நீளம்தான், தெருவில் போகிறவர்கள் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஏறுகிற முழங்காலுக்கும், பக்கச் சுவரின் மேலாக மளிகைப் பையைத் தூக்கி வைக்கிற தோளுக்கும் அந்த அளவு தெரியும். வண்டி தரையோடு தரையாகப் போக வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. தினமும் வேலைக்கும் கடைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் போய்வருகிற டிரக்கை, சொகுசு கெடாமல் கொஞ்சம் இறக்க நினைக்கும் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

உயரம் வேறு, எழும்பும் இடம் வேறு

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும். சாலையில் மேடு வந்தால் சக்கரம் மேலே எழும்புகிறது. அது எழும்புவதற்கு வண்டியின் அடியில் இத்தனை அங்குலம் என்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தின் எல்லையில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் முட்டு காவல் நிற்கிறது. எழும்பும் இடம் தீர்ந்துபோனால் ஆக்சில் முட்டில் மோதும். அந்த நொடியில் ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. மேடு நேராக உங்கள் முதுகெலும்புக்கு வந்துவிடும். "டிரக்கை இறக்கினேன், மாட்டுவண்டி ஆகிவிட்டது" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்பிரிங்கின் மேல் ஓடவில்லை, முட்டின் மேல் ஓடுகிறார்கள்.

ஆகவே எந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது உயரத்தை மட்டும் குறைக்கிறதா, எழும்பும் இடத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறதா?

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு வைத்திருந்த பழைய டிரக் ஒன்றில் முன் ஸ்பிரிங்கின் சுருளை யாரோ ஒன்றரைச் சுற்று வெட்டிவிட்டிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேம்பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் 'டொக்' என்று ஒரு சத்தம். கோப்பையில் உள்ள காப்பி மடியில். காசில்லாத வழி என்று சுருளை வெட்டச் சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெட்டிய ஸ்பிரிங் குட்டையாவதோடு முன்னைவிட விறைப்பாகவும் ஆகிறது. முனை தன் இருக்கையில் சரியாக அமராது. சூடேற்றி இறக்குவது அதைவிட மோசம், எஃகின் பதமே போய்விடும். இந்த இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

உங்கள் டிரக் எந்த வகை

சட்டையை மாற்றிக்கொண்டு வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். பாகம் வாங்குவதற்கு முன் செலவிடும் அரைமணி நேரம் பின்னால் ஒரு சனிக்கிழமையை மிச்சப்படுத்தும்.

முதலில், இயக்கம் பின்சக்கரமா, நாற்சக்கரமா என்று பாருங்கள். பின்சக்கர இயக்கம் என்றால் உங்களுக்கு எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன. நாற்சக்கரம் என்றால் முன்பக்கத்தின் நல்ல வழி அநேகமாக அடைபட்டுவிடும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் அச்சு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற வார்ப்பின் (ஸ்பிண்டில் என்றும் சொல்வார்கள்) நடுவே நுழைகிறது. சக்கரத்தின் மையத்தை மேலே தள்ளினால் அந்த அச்சும் கோணலாக வேண்டியிருக்கும். அத்தகைய வண்டியில் முன்னால் ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு என்று நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, முன் ஸ்பிரிங். 2007க்குப் பிந்தைய சில்வராடோக்களிலும் 2004க்குப் பிந்தைய ஃபோர்டு எஃப்-150களிலும் ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த ஸ்ட்ரட் இருக்கும். 1999 முதல் 2006 வரையிலான பின்சக்கர சில்வராடோ 1500இல் ஸ்பிரிங் தனியாக, சக்கரத்தை வண்டிச் சட்டகத்தோடு இணைக்கும் மேல், கீழ் கரங்களான ஆர்ம்களுக்கு நடுவே அழுந்தி நிற்கும். அது அடங்கிக் கிடக்கும் வெடி. தவறான நட்டைக் கழற்றினால் ஆளையே அடித்துவிடும் விசை அதற்குள் இருக்கிறது. இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் முன்பக்க வேலையைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள் என்பேன்.

மூன்றாவது, பின்பக்கம். பெரும்பாலான டிரக்குகளில் நம் ஊர் லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்லும் லீஃப் ஸ்பிரிங் இருக்கும். பட்டை ஆக்சிலுக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்று பாருங்கள். பட்டை கீழே இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டை வைத்து வண்டியை இறக்கலாம். பட்டை மேலே இருக்கும் வண்டியில் அதே கட்டையை வைத்தால் வண்டி உயர்ந்துவிடும். இப்படித் தலைகீழாக வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. 2009க்குப் பிந்தைய ராம் 1500இல் பின்னாலும் சுருள் ஸ்பிரிங்தான். அதற்கு வழி வேறு. இன்னும் டிரக் வாங்கவில்லை என்றால் ஒன்று சொல்லி வைக்கிறேன். ராம் 1500இல் 2013 முதல் காற்று சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுத்து வாங்கலாம். ஏறி இறங்குவதற்கு வண்டி தானாகவே இரண்டு அங்குலம் தாழும்.

நான்காவது, 2014 முதல் 2018 வரையிலான சில்வராடோ, ஜிஎம்சி சியெரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு முன் ஆர்ம்களில் ஒட்டிப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் அலுமினிய ஆர்ம் போட்ட வண்டியும் வந்தது, எஃகு ஆர்ம் போட்டதும் வந்தது. எஃகிலும் வார்த்தது ஒன்று, தகட்டை அழுத்திப் பற்றவைத்தது ஒன்று. இரண்டு பாதிகளைச் சேர்த்த பற்றவைப்புக் கோடு தெரிந்தால் அது தகடு. ஆர்மையும் ஸ்பிண்டிலையும் இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டின் அளவு இதைப் பொறுத்து மாறுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் பள்ளி விடுமுறைப் பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தைத்தான் நான் எடுத்துப் போனேன். ஒட்டவில்லை, அலுமினியம். கேட்காமல் வாங்கியிருந்தால் தப்பான ஸ்பிண்டில் வந்திருக்கும்.

எவ்வளவு இறக்குவது

அமெரிக்காவில் டிரக் இறக்குகிறவர்கள் 'இரண்டுக்கு நான்கு' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். முன்னால் இரண்டு அங்குலம், பின்னால் நான்கு என்று பொருள். பாரம் ஏற்றினால் மட்டம் ஆகட்டும் என்று ஆலையிலேயே டிரக்கின் பின்பக்கத்தை உயர்த்தி வைக்கிறார்கள். அதனால்தான் பின்னால் அதிகம் இறக்குகிறார்கள். காலி வண்டி மட்டமாக நிற்பது கண்ணுக்கு அழகு. ஆனால் மாதம் இருமுறையாவது உரமூட்டையோ பழைய சோபாவோ ஏற்றுகிறவர் என்றால், மட்டமாக நிற்கும் காலி வண்டி பாரம் ஏறியதும் பின்னால் குந்திக்கொள்ளும். பின்னால் ஓர் அங்குல மிச்சத்தை விட்டுவையுங்கள். நான் மூன்றில் நிறுத்தியது அதற்காகத்தான்.

பின்னால் நான்கு அங்குலத்தைத் தாண்டினால் கதை மாறுகிறது. ஆக்சிலையே பட்டைக்கு மேலே மாற்றிப் பொருத்தும் முறையில் ஐந்து ஆறு அங்குலம் இறங்கும். அப்போது ஆக்சில் எழும்ப இடமில்லாமல் சேசிஸில் அடிக்கும். ஆகவே சேசிஸில் பிறை வடிவில் ஒரு வெட்டு வெட்டி, அதைச் சுற்றித் தடித்த தகடு வைத்து வலுவூட்ட வேண்டும். நன்றாகச் செய்தால் நன்றாகவே ஓடும். ஆனால் வண்டியின் முதுகெலும்பை வெட்டும் வேலை முதல் வேலையாக இருக்கக் கூடாது.

முன்பக்கம் எப்படி, பின்பக்கம் எப்படி

முன்னால், பின்சக்கர இயக்க வண்டிக்கு, என் வாக்கு தாழ்ஸ்பிண்டிலுக்குத்தான். சக்கரம் மாட்டும் மையம் இரண்டு அங்குலம் மேலே ஏற்றி வார்க்கப்பட்ட ஸ்பிண்டில் அது. ஸ்ட்ரட் அதேதான், ஆர்ம்களின் கோணமும் அதேதான், எழும்பும் இடத்தில் ஒன்றும் குறையாது. வண்டி மட்டும் கீழே வருகிறது. குட்டை ஸ்ட்ரட்டோ குட்டை ஸ்பிரிங்கோ போட்டால் வேலை எளிது, ஆனால் இரண்டு அங்குலத்தையும் எழும்பும் இடத்திலிருந்து கழித்துக்கொள்ளும். ஸ்பிண்டிலில் ஒரு எச்சரிக்கை: சில வகைகள் சிறிய ரிம்மின் உட்புறத்தில் உரசும். எத்தனை அங்குல ரிம்முக்கு மேல் பொருந்தும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருப்பார்கள். அதை வாங்குவதற்கு முன்னால் படியுங்கள்.

பின்னால் ஷேக்கிளும் ஹேங்கரும் சேர்ந்த முறை. பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு ஷேக்கிள். முன்முனையைத் தாங்குவது ஹேங்கர். இரண்டு முனைகளும் சேசிஸை நோக்கி ஏறினால் வண்டி அந்த அளவு இறங்கும். இங்கே ஒரு கணக்கு உண்டு. ஆக்சில் பட்டையின் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், ஒரு முனையை மட்டும் இரண்டு அங்குலம் நகர்த்தினால் வண்டி ஓர் அங்குலம்தான் இறங்கும். ஷேக்கிளை மட்டும் மாற்றிவிட்டு ஏன் இவ்வளவுதான் இறங்கியது என்று கேட்பவர்களுக்கு விடை அதுதான்.

ஒரு முனையை மட்டும் நகர்த்துவதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. பின்முனை ஏறும்போது பட்டை முழுவதும் சாய்கிறது. அதில் கட்டியிருக்கும் ஆக்சிலும் சுழன்று, எஞ்சினின் சுழற்சியைக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கு தரையைப் பார்க்கிறது. வேகம் எடுத்ததும் இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு தொடங்கும். முன்முனையும் ஏறினால் மூக்கு மறுபடி நிமிர்ந்துவிடும். ஷேக்கிளையும் ஹேங்கரையும் ஜோடியாக விற்பது வியாபாரத் தந்திரம் அல்ல.

பெல்டெக், மெகாகீஸ், டிஜேஎம் ஆகியவை இந்தத் துறையில் பழைய பெயர்கள். பாகங்களுக்குச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் ஆகும். பணம் குறைவாக இருந்தால் அளவைக் குறையுங்கள், ஷாக்கை விட்டுவிடாதீர்கள். இறங்கிய உயரத்துக்கென்று செய்த பின் ஷாக்குகள் கட்டாயம். பழைய நீள ஷாக்கை அப்படியே வைத்தால், மேடு வரும்போது அது முழுவதும் சுருங்கி உள்ளே முட்டிக்கொள்ளும்.

ரிம்மையும் பெரிதாக்க வேண்டாம். என் வண்டியில் 265/65 ஆர் 18 டயர்; அதன் பக்கச்சுவர் ஆறே முக்கால் அங்குலம். 285/45 ஆர் 22 மாட்டினால் ஐந்து அங்குலம்தான் மிஞ்சும். நீங்கள் தேடும் சொகுசில் பாதி அந்தக் காற்று நிரம்பிய ரப்பரில்தான் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுக் கூடுதல் இரும்பு வாங்குவது எனக்குப் புரியாத வியாபாரம்.

வேலைக்கு முன்னால்

மட்டமான சிமென்ட் தரை வேண்டும். மண்ணில், சரிவில், வெயிலில் இளகும் தாரில் இந்த வேலை ஆகாது. நல்ல தள்ளு ஜாக்கி ஒன்று, வண்டி எடையைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டுகள் நான்கு, சக்கரத் தடைக் கட்டைகள், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், நீளமான இரும்புக் குழாய், துரு இளக்கும் எண்ணெய். எண்ணெயை முந்தைய நாள் இரவே எல்லா போல்ட்டிலும் அடித்துவிடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நொடிகூட அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

பிறகு அளவெடுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயரில் காற்று குறைந்தால் அளவு பொய் சொல்லும். சக்கர மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு சக்கரங்களிலும் அளந்து, ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி மட்கார்டிலேயே ஒட்டுங்கள். பாதி வேலையில் கைபேசியைத் தேடுகிற கை கிரீஸாக இருக்கும்.

இன்னும் ஒன்று. வண்டியைச் சுவருக்கு 25 அடி தூரத்தில் நிறுத்தி, முகப்பு விளக்கின் ஒளிவெட்டு, அதாவது ஒளியின் மேல்விளிம்பு, சுவரில் எந்த உயரத்தில் விழுகிறது என்று நாடா ஒட்டிக் குறியுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

1. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடைக் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, பட்டையின் முன்முனைக்கும் முன்னால் சேசிஸின் அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். சக்கரங்களைக் கழற்றுங்கள். ஜாக்கியை ஆக்சிலின் அடியில் தொட்டும் தொடாமலும் வையுங்கள்.

2. இரண்டு பக்க ஷாக்குகளையும் கழற்றுங்கள். பிரேக் குழாய், ஏபிஎஸ் வயர், கைப்பிரேக் கேபிள் ஆகியவை இழுபடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே ஆக்சிலைத் தளர இறக்குங்கள்.

3. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வையுங்கள். மறுபக்கப் பட்டைதான் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்திருக்கிறது. முதலில் ஷேக்கிள்: இரண்டு போல்ட், பழையதை எடுத்துப் புதியதை மாட்டுங்கள். போல்ட்டைக் கையால் திருகி விடுங்கள், இறுக்க வேண்டாம்.

4. அடுத்தது ஹேங்கர். வேலை முழுவதிலும் வேர்வை சிந்தும் இடம் இதுதான். ஆலையில் இதைப் பெரும்பாலும் ரிவெட் அடித்தே பொருத்தியிருப்பார்கள். ரிவெட்டின் தலையைத் துளையிட்டு அல்லது காற்று உளியால் வெட்டி எடுக்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில் பெட்ரோல் டேங்க் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே தீப்பொறி பறக்கும் கிரைண்டரை எடுக்காதீர்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். டேங்க் மறைப்பதால் பட்டையின் முன் போல்ட்டே வெளியே வராத வண்டிகளும் உண்டு. டேங்கின் கட்டுப்பட்டையைத் தளர்த்திச் சற்று இறக்க வேண்டியிருக்கும். பயணி பக்கத்தை நான் செய்தேன், ஓட்டுநர் பக்கத்தைப் பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. வாங்கிய பாகங்களோடு வந்த குட்டைப் பம்ப் ஸ்டாப்பை மாட்டுங்கள். முட்டு இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். பிறகு புதிய ஷாக்.

6. சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பின்பக்கத்தை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். அதன் பிறகுதான், வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான், பட்டை போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

ஆறாவது படியை நான் தாண்டிவிட்டேன். ஆக்சில் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டுக் கைகழுவிவிட்டேன். வண்டியை இறக்கி அளந்தால் இரண்டேகால் அங்குலம்தான் இறங்கியிருந்தது. தப்பான பாகம் அனுப்பிவிட்டார்கள் என்று கடைக்காரருக்குக் காரமாகக் கடிதம்கூட எழுதத் தொடங்கினேன். காரணம் வேறு. பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ், இறுக்கிய நிலையே தன் இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால் வண்டி நிற்கும்போது அது முறுக்கிக்கொண்டு தூக்கிப் பிடிக்கிறது. சில மாதங்களில் கிழிந்தும் போகும். தரையில் நிறுத்தி, போல்ட்டுகளைத் தளர்த்தியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு முக்கால் அங்குலம் கீழே வந்தது. கடிதத்தை அழித்துவிட்டேன்.

இந்த முறையில், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளைத் தொடவே வேண்டியதில்லை. கட்டை வைக்கும் முறையோ ஆக்சிலை மாற்றும் முறையோ என்றால் அவற்றைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய யூ போல்ட் குப்பைக்குத்தான். இறுக்கும்போது நீண்டு பிடிக்கும் பொருள் அது, மறுமுறை அதே பிடி வராது.

முன்பக்கம்

ஸ்ட்ரட் உள்ள வண்டிக்கு எழுதுகிறேன். இங்கே ஸ்பிரிங் ஸ்ட்ரட்டுக்குள் அடைபட்டிருப்பதால் ஸ்பிண்டிலை மாற்றும்போது அது பறந்து வராது. இருந்தாலும் கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கி கட்டாயம்.

சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றி ஒரு கம்பியால் மேல் ஆர்மில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் குழாயில் அதன் எடை தொங்கக் கூடாது. டிஸ்க்கை எடுத்துவிட்டு, ஏபிஎஸ் வயரை அதன் கிளிப்புகளிலிருந்து விடுவியுங்கள். ஸ்டியரிங் ராடின் முனையையும் மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளையும் பிரிக்க வேண்டும். நட்டை முழுவதும் கழற்றாமல் மூன்று நான்கு மரை விட்டு வையுங்கள். ஜாயின்ட் திடீரென விடும்போது ஆர்ம் உங்கள் மேல் விழாமல் அந்த நட் பிடித்துக்கொள்ளும். கவை போன்ற பிரிப்பானைச் செருகி அடித்தால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழியும். அதைவிட, ஜாயின்ட் உட்கார்ந்திருக்கும் ஸ்பிண்டிலின் காதில் கனமான சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி. பழைய ஸ்பிண்டில் வெளியேதான் போகப்போகிறது, தயங்காமல் அடிக்கலாம். 'டங்' என்ற சத்தம் மாறி 'டொப்' என்று கேட்டால் விட்டுவிட்டது என்று பொருள்.

பழைய ஸ்பிண்டிலிலிருந்து, சக்கரம் மாட்டும் ஹப்பைக் கழற்றிப் புதியதில் பொருத்துங்கள். பின்புறம் மூன்று போல்ட். துரு பிடித்த ஊர்களில் இது அரைநாள் எடுக்கும். டெக்சாஸில் இருப்பதற்கு நன்றி சொல்லிக்கொள்ளும் சில இடங்களில் இதுவும் ஒன்று. பிறகு கழற்றிய வரிசையைத் தலைகீழாகத் தொடருங்கள். பூட்டு நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். இறுக்கும் அளவு உங்கள் வண்டியின் பட்டறைக் கையேட்டில் இருக்கும். சக்கரத்தை மாட்டியதும் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, குழாயோ வயரோ டயரைத் தொடுகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

இறங்கிய பிறகு

அலைன்மென்ட் செய்யும் இடம் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். முன்பக்கத்தைப் பிரித்துச் சேர்த்த வண்டியில் சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. குட்டை ஸ்பிரிங் போட்டவர்களுக்குச் சக்கரத்தின் சாய்வான கேம்பரும் மாறியிருக்கும். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து டயரின் உள்விளிம்பை அரைக்கும். ஸ்டியரிங் கோண சென்சாரையும் மையப்படுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நேர் சாலையில் போகும்போதே வண்டி திரும்புவதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். முன்கண்ணாடியில் கேமரா வைத்த புதிய வண்டி என்றால் அதையும் சரிபார்க்க வேண்டும்.

இப்போது சுவருக்குத் திரும்புங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஓர் அங்குலம் அதிகமாக இறங்கியதால் வண்டியின் மூக்கு சற்றே நிமிர்ந்திருக்கிறது. என் வண்டியின் சக்கர இடைவெளி 143.5 அங்குலம். 25 அடியில் ஒளிவெட்டு ஏறக்குறைய பழைய குறியிலேயே விழுந்தது. இதுதான் ஏமாற்றும் இடம். விளக்கே இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும்போது ஒளி இறங்கவில்லை என்றால் அது மேல்நோக்கிப் போகிறது என்று அர்த்தம். 250 அடியில் அது முன்பைவிட ஒன்றரை அடி உயரத்தில், எதிரே வருகிறவரின் கண்ணில் இருக்கும். விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்பி, ஒளிவெட்டைப் பழைய குறிக்கு இரண்டு அங்குலம் கீழே கொண்டுவாருங்கள். வேலைக்கு முன்பே குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

டிரெய்லர் இழுப்பவர்கள் கொக்கி மூன்று அங்குலம் தாழ்ந்துவிட்டதை மறக்க வேண்டாம். டிரெய்லர் மாட்டும் பந்தைத் தாங்கும் துண்டை அதற்கேற்ப மாற்றுங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் உள்ள பார அளவு மாறவில்லை. பின்னால் உதவிக் காற்றுப் பைகள் வைத்தாலும் அந்த அளவு அதிகரிக்காது. பின்பக்கம் குந்தாது, அவ்வளவே. பழைய டொயோட்டா டிரக்குகள் சிலவற்றில் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி பிரேக் வால்வை ஆட்டிக்கொண்டிருக்கும். வண்டி இறங்கினால் பாரம் ஏறியிருக்கிறது என்று அது நினைத்துப் பின்பிரேக்கைக் கூட்டிவிடும். அந்தக் கம்பியையும் திருத்தியமைக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் வண்டியின் எந்தப் பாகமும் ரிம்மின் கீழ் விளிம்புக்குக் கீழே போகக் கூடாது என்ற விதி 1958 முதல் இருந்தது. 2024 சனவரியில் நீங்கியது. இரண்டு மூன்று அங்குலத்துக்கு அந்த விதிகூடக் குறுக்கே வந்திருக்காது. டெக்சாஸில் தனியார் வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையை 2025 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். இனி யாரும் அடியில் எட்டிப் பார்க்கப்போவதில்லை, நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப் பாகம் போட்டதால் முழு உத்தரவாதமும் போயிற்று என்று விற்பனையகம் சொல்ல முடியாது. பழுதுக்கு அந்தப் பாகம்தான் காரணம் என்று காட்ட வேண்டும். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சஸ்பென்ஷன் பழுதுக்கே அவர்கள் அதைக் காட்டுவது எளிது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு வாரச் சோதனை

பின் ஷாக்கின் பளபளக்கும் தண்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கட்டுநாடாவை இறுக்கிக் கட்டி, ஷாக் உடலின் விளிம்பு வரை தள்ளிவிடுங்கள். தண்டை உறை மூடியிருந்தால், பம்ப் ஸ்டாப்பின் முனையில் பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண்ணில் ஓர் உருண்டை ஒட்டினாலும் போதும். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள், வேகத்தடைகளையும் சேர்த்து. நாடா தண்டின் கோடி வரை போயிருந்தாலோ உருண்டை சப்பையாகியிருந்தாலோ எழும்பும் இடம் போதவில்லை. ஒரு படி உயர்த்த வேண்டும், அல்லது ஷாக்கை மாற்ற வேண்டும். என் நாடா கோடிக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றிருந்தது. அம்மா இப்போது என் தோளைப் பிடிப்பதில்லை. பெயரை மட்டும் மாற்ற மாட்டேன் என்கிறார்.

வாகன நிறுத்தத்தில் சிமென்ட் தடைக்கட்டை வரை மூக்கை விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முன் பம்பரின் அடியில் தொங்கும் பிளாஸ்டிக் நாக்கு அதில் சிக்கிக் கிழியும். பின்னோக்கி எடுக்கும்போதுதான் கிழியும், போகும்போது தெரியாது.

100 மைலில் எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள். 500 மைலில் மறுபடியும். குட்டை ஸ்பிரிங் போட்டவர்களுக்கு அதற்குள் ஸ்பிரிங் படிந்து கால் அங்குலம் இறங்கியிருக்கலாம். அப்போது அலைன்மென்ட்டையும் மீண்டும் பார்ப்பது நல்லது. அதன் பிறகு ஒவ்வோர் ஆயில் மாற்றத்தின்போதும் முன் டயரின் உள்விளிம்பை, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தை, உள்ளங்கையால் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போலவும் இருந்தால் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், தப்பு. இரண்டு திசையிலும் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் கேம்பர்.